பணம் பெற்றவர் பெயர்

சிரிக்க வைக்கிறேன்னு சொன்னேன்ல மாமா, கண்டிப்பா வைக்கிறேன். வயிறு புண்ணாகிப் போகும். ஆனா இப்ப இல்ல. நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காருங்க. அம்மா உள்ள வெங்காயம் உரிச்சிட்டிருக்காங்க, மெதுவாப் பேசினா கேக்காது.

முதல்ல உங்க புது சைட்டைக் காட்டுங்க. கிரிப்டோல போட்டா நாப்பது நாள்ல ரெட்டிப்பாம். நம்பலாமான்னு எங்கிட்டயே கேக்குறீங்க பாருங்க, பெரிய முன்னேற்றம்தான். போன தடவை நான் வேணாம்னதுக்கு, பதினாறு வயசு மச்சினிக்கு என்ன தெரியும்னு ஒரு முறை முறைச்சீங்க. அம்மா ஆஸ்பத்திரி லாண்டரியில இருபத்திரண்டு வருஷம் நின்னு சேத்த காசு. ரொக்கமா வாங்கிட்டுப் போயி அந்தப் பழைய சைட்டுல கொட்டுனீங்க. நின்னு நின்னு தேஞ்ச முழங்காலுக்கு ஆபரேஷன் பண்ண வெச்சிருந்த காசு அது. வர்ற திங்கக்கிழமை கட்டணும். அந்த சைட்டைத் திறந்தா மூணு மாசமா பராமரிப்புப் பணின்னு ஒரு சக்கரம் சுத்துது.

ஏன் முகம் மாறுது? சும்மா ஞாபகப்படுத்தினேன்.

சரி, இதை மட்டும் எப்படி நம்பினீங்க? பூட்டுப் படம் போட்டிருந்துச்சா. எங்க வீட்டுக் கக்கூஸ்லகூடதான் பூட்டு இருக்கு. அப்புறம்? ரிட்டயர்டு வாத்தியாரு வாய்ஸ் மெசேஜா. நானே முதல்ல நம்பல தம்பி, க்ஹூம், அப்புறம் பென்ஷனையே போட்டேன்... இருமிக்கிட்டே சொன்னாரா? இருமினா சரி, பொய் சொல்றவனுக்கு இருமல் வராது. அப்புறம் அந்தக் கஸ்டமர் கேர் அம்மா. வணக்கம் சார், உங்க எதிர்காலம் எங்க பொறுப்பு சார், லைன்லயே இருங்க சார். என்ன முழிக்கிறீங்க, அச்சு அசலா அப்படியே இருக்கா? விடுங்க, அந்த வேலையில இருக்கறவங்க எல்லாம் ஒரே மாதிரிதான் பேசுவாங்க.

ஓ, டெஸ்ட்டும் பண்ணீங்களா. கொஞ்சமாப் போட்டு மறுநாளே திருப்பிக் கேட்டீங்க, வட்டியோட வந்துச்சு. பழைய சைட்டும் அதேதானே மாமா பண்ணுச்சு? அதே பிஸ்கட்டை ரெண்டாவது தடவை காட்டினா நாய்கூட யோசிக்கும்.

அந்த பிஸ்கட்டுக்குப் பைக்கை வித்துட்டீங்க. எவ்வளவு போட்டீங்க? அட, அம்மா காசு எவ்வளவு போச்சோ அதே தொகை. ஒரு பைசா கூடவும் இல்ல, குறையவும் இல்ல. உங்களுக்கு அது ராசியான நம்பர்னு அந்தம்மா சொல்லுச்சா. நல்லா சொல்லுச்சு.

சிரிப்பு வருது, வருது. அவசரப்படாதீங்க.

எந்த சைட்டா இருந்தாலும் முதல்ல பாக்க வேண்டியது ஒண்ணுதான். காசு யாரு கணக்குக்குப் போகுது? ரசீதைத் திறங்க. பணம் பெற்றவர்னு போட்டு ஒரு பேரு இருக்கும். அன்னிக்கே பாத்தீங்களா? யாரோ கம்பெனி முதலாளியம்மான்னு நெனச்சீங்களா. நெனைப்பீங்க.

ஆறு வருஷமா இந்த வீட்டுல சாப்பிடுறீங்க. அம்மா பேரு என்ன மாமா?

அத்தையா? அது நீங்க கூப்பிடற முறை. நான் கேட்டது பேரு. அக்காவுக்கு எதுக்குப் போன் போடுறீங்க, கீழ வைங்க. யோசிச்சு சொல்லுங்க. ம். தெரியாது. ஆஸ்பத்திரி ஃபாரத்துலயே பேருன்னு கேட்ட இடத்துல மாமியார்னு எழுதுன ஆளு நீங்க. அன்னிக்குத்தான் எனக்கு இந்த யோசனையே வந்துச்சு.

எந்த யோசனையா? சொல்றேன். ரசீதுல இருக்கற பேரைப் படிங்க. ஐயோ, இதென்ன முணுமுணுப்பு. சத்தமா. லைன்லயே இருக்கேன் சார், தெளிவாப் படிங்க சார்.

ஆங்.

கேட்டுச்சா? கூப்பிட்டீங்களா மாப்ளைன்னு அம்மா சமையக்கட்டுலேருந்து கேக்குறாங்க.

எங்க எந்திரிக்கிறீங்க? பதில் சொல்லிட்டுப் போங்க மாமா.