பாசிக்கு வைத்த விளக்கு

உங்கள் படிவத்தில் பதினான்காம் கேள்விக்கு இரண்டே வரி இடம் விட்டிருக்கிறீர்கள், டாக்டர். ‘மறதியின் முதல் அறிகுறியைக் குடும்பத்தினர் எப்போது, எப்படிக் கவனித்தார்கள்?’ மற்ற கேள்விகளை முடித்துவிட்டேன். இதற்கு மட்டும் இடம் பற்றாது என்பதால், வரவேற்பில் இருக்கும் பெண்ணிடம் நான்கு வெள்ளைத் தாள் கேட்டு வாங்கினேன். எதற்கு இத்தனை என்று புருவத்தைத் தூக்கினாள். தொழில் பழக்கம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

நான் காப்பீட்டு அலுவலகத்தில் இருக்கிறேன். கை உடைந்தது, வீடு எரிந்தது என்று வருகிற விண்ணப்பங்களைப் படித்து, எது மெய், எது கதை என்று பிரித்து மேலே அனுப்ப வேண்டும். பத்தொன்பது வருடமாக இதே வேலை. கதை விடுகிறவர்கள் ஆரம்பத்தை இரண்டு வரியில் தாண்டிவிட்டு, சேதத்தைப் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். நான் ஆரம்பத்தையே எழுதுகிறேன்.

அப்பா இயந்திர உதிரிப்பாகத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகராக இருந்தவர். முப்பத்தொரு வருடம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அளந்தார். அவருக்கு அங்கே ‘மில்லிமீட்டர்’ என்று பெயர். கல்யாண வீட்டில் பந்தி இலைகள் கோணலாக இருந்தால்கூட எழுந்து நேராக்கிவிட்டு உட்காருகிற மனுஷன். அம்மா இறந்த பிறகு, அளப்பதற்கு வீட்டில் எதுவும் இல்லாமல் போனது என்று நினைக்கிறேன். ஒரு கடல்நீர்த் தொட்டி வாங்கி, சில மீன்களோடு பவளம் வளர்க்க ஆரம்பித்தார்.

அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் நான் செய்தது உங்களுக்குப் புரியாது. மீன்களின் கழிவும் மிச்சத் தீனியும் தண்ணீரில் கரைந்து உரமாகிவிடுகின்றன. உரம் ஏறினால் பவளம் தன் சுண்ணாம்பு எலும்பைக் கட்டுவதை நிறுத்திவிடும். அதனால் மேல் தொட்டித் தண்ணீரைக் கீழே அலமாரிக்குள் இருக்கும் சின்னத் தொட்டிக்கு இறக்கி, அங்கே ஒரு பந்து அளவு பச்சைப் பாசியை விளக்கு போட்டு வளர்ப்பார். பாசி அந்த உரத்தைத் தின்றுவிடும். தெளிந்த தண்ணீரை மோட்டார் மேலே ஏற்றும். வாரம் ஒரு பிடி பாசியைப் பிய்த்து எறிந்தால் அந்த வாரத்து அழுக்கு வீட்டை விட்டுப் போனது என்று கணக்கு. மேலே விளக்கு அணையும்போது கீழே எரிய வேண்டும். இருட்டில் தண்ணீருக்கு உயிர்வாயு கொடுப்பது அந்தப் பாசிதான்.

ஒருமுறை பாசி அளவுக்கு மீறித் தின்று, தண்ணீர் சுத்தமோ சுத்தமாகி, பவளங்கள் வெளிறிப்போயின. அப்பா பாசி விளக்கு எரிவதைப் பதினாறு மணி நேரத்திலிருந்து பத்து மணி நேரமாகக் குறைத்தார். “கொஞ்சம் அழுக்கும் வேணும்மா. எல்லாத்தையும் உருவிட்டா அது என்னத்தைத் தின்னும்?” என்றார். என்னிடம் அவர் அவ்வளவு நீளமாகப் பேசுவது தொட்டியைப் பற்றி மட்டும்தான்.

அவரிடம் ஒரு நோட்டு இருந்தது. மாதம் ஒருமுறை, தரையில் போட்ட கோட்டின்மேல் நின்று, கண்ணாடியில் ஒட்டிய அளவுகோலோடு படமெடுத்து, ஒவ்வொரு கிளையும் எவ்வளவு வளர்ந்தது என்று எழுதுவார். பாசி இல்லாத முதல் வருடம், ரோஜா நிறக் கிளைப்பவளம் மாதத்துக்கு மூன்று மில்லிமீட்டர் வளர்ந்தது. பாசி வைத்த இரண்டாம் வருடம் ஏழு. இவரோடு தொடர்பில், இவரைப் போலப் பவளம் வளர்க்கிற இருபது பேர் இருந்தார்கள். அவர்கள் பாசியின் மகிமை என்று கொண்டாடினார்கள். இவர் ஒத்துக்கொள்ளவில்லை. அதே வருடம் மேல் விளக்கையும் மாற்றியிருந்தாராம். அதனால் எது காரணம் என்று சொல்ல முடியாதாம். வேறு எதையும் தொடாமல் இன்னொரு வருடம் பார்த்தால்தான் உண்மை தெரியும் என்றார்.

அந்த இன்னொரு வருடம்தான் எனக்கும் அவருக்கும் நடுவில் நின்றது. அவர் மூன்றாவது மாடியில் தனியாக இருந்தார். நான் பேருந்தில் ஒன்றரை மணி நேரத் தொலைவில் இருந்தேன். வெளிநாட்டிலிருக்கும் தம்பி ஞாயிறு தவறாமல் போன் செய்து, “அக்கா, அப்பாவ உன்கூட வச்சுக்கயேன்” என்று புத்தி சொல்வான். போனில் சொல்வது சுலபம். அப்பாவைக் கூப்பிட்டால், வருடம் முடியட்டும் என்பார். பிடிவாதத்துக்குப் பேர் போனவர்.

மூன்றாம் வருடத்தின் ஏழாவது மாதத்தில் குளியலறையில் வழுக்கி விழுந்து இடது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். நான் ஆறு வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். தொட்டி இருந்த முன்னறை சோபாதான் எனக்குப் படுக்கை. பாசி விளக்கை அப்பா தன் கையால்தான் போடுவார். தானியங்கி சுவிட்ச் ஒன்று முன்பு கருகிப்போனதால் அதில் அவருக்கு நம்பிக்கை இல்லை. மாலை ஏழுக்குப் போட்டு நோட்டில் பென்சிலால் ஒரு டிக். காலை ஐந்துக்கு அணைத்து இன்னொன்று.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். நான் போன நான்காம் நாள், அலமாரி இடுக்கு வழியாக ஊதா வெளிச்சம் முகத்தில் அடித்துத் தூக்கம் வரவில்லை. எழுந்து அணைத்துவிட்டேன். அதில் ஒரு கெட்ட எண்ணமும் கிடையாது, மறுபடி போட்டுவிடலாம் என்று நினைத்துத் தூங்கிப்போனேன். காலையில் அப்பா அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டு, “போட மறந்துட்டேன் போலிருக்கே” என்று தன்பாட்டில் சொன்னார். நான்தான் அணைத்தேன் என்பது வாய் வரை வந்தது. அவர் முகத்தில் அப்போது ஒரு சின்னப் பயம் தெரிந்தது. இத்தனை வருடத்தில் நான் பார்க்காதது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

முதல் அறிகுறி அதுதான். கவனித்தவள் நான். தேதி, மார்ச் ஒன்பது.

அதன்பிறகு செய்தவற்றைப் பூசி மெழுகாமல் சொல்கிறேன். அவர் ஒன்பது மணிக்குப் படுக்கப் போனதும் கீழ் விளக்கை அணைப்பேன். பெரும்பாலான நாட்களில் அவர் எழுவதற்கு முன் மறுபடி போட்டுவிடுவேன், அவருக்குத் தெரியாது. வாரத்தில் இரண்டு நாள் போடாமல் விட்டுவிடுவேன், தெரியும்படி. “நேத்து போட்டேனேம்மா” என்பார். “இல்லப்பா, நான் பாத்துக்கிட்டுதானே இருந்தேன்” என்பேன். குரலை உயர்த்தியதே இல்லை. அவர் தலையைத் தடவிக்கூடக் கொடுத்திருக்கிறேன்.

வெளிச்சம் இல்லாத பாசி முதலில் மஞ்சளாகும், பிறகு குழையும். தின்ற அழுக்கையெல்லாம் தண்ணீரிலேயே கக்கிவிடும். மூன்றாம் வாரம் பாறைகளில் பழுப்பு வழவழப்பு ஏறியது. பவளங்கள் பகலிலும் வாயைத் திறக்கவில்லை. ரோஜாக் கிளையின் நுனிகளில் தோல் உரிந்து வெள்ளை எலும்பு தெரிந்தது. அப்பா உடைந்த கையைக் கழுத்தில் தொங்கவிட்டபடி, தரையில் போட்ட கோட்டின்மேல் நின்று படமெடுத்தார். அந்த மாத வளர்ச்சி என்ற கட்டத்தில் பூஜ்யம் என்று எழுதினார். காரணம் என்ற கட்டத்தில் ‘என் மறதி’ என்று எழுதினார். கையெழுத்து அச்சடித்த மாதிரி இருந்தது.

அப்போதும் அவர் டிக் அடித்த நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னோடு வாதாடினார். டிக் இருக்கிறதே, போடாமல் டிக் எப்படி வரும் என்றார். நியாயமான கேள்வி. எங்கள் அலுவலகத்தில் வந்திருந்தால் நானே அவர் பக்கம் எழுதியிருப்பேன். அன்று பிற்பகல் அவர் எலும்பு டாக்டரிடம் போயிருந்தபோது, ரப்பரால் ஐந்து டிக்குகளை அழித்தேன். தாள் சுருங்காமல், பென்சில் தடம் தெரியாமல், மெதுவாக. அவருடைய மகள்தானே நான், எனக்கும் கை சுத்தம்.

வந்து நோட்டைத் திறந்தார். வெற்றுக் கட்டங்களை விரலால் தொட்டுப் பார்த்தார். ஜன்னலோரம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தார். என்னைச் சந்தேகப்பட்டு ஒரு பார்வை பார்த்திருந்தால் நான் அங்கேயே ஒத்துக்கொண்டிருப்பேன் என்று பலமுறை எனக்கு நானே சொல்லியிருக்கிறேன். அவர் பார்க்கவில்லை. அந்த எண்ணமே அவருக்கு வரவில்லை. பேனாவை எடுத்து, நோட்டின் முதல் பக்கத்தின் குறுக்கே ‘இதிலுள்ள அளவுகள் நம்பத் தகுந்தவை அல்ல’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். மூன்று வருடத்துக்கும் சேர்த்து.

“சரிம்மா. உன்கூடவே வந்துடறேன்” என்றார்.

தொட்டியைக் காலி செய்ய மீன்கடைக்காரர் வந்தார். மீன்களைப் பையில் பிடித்துக்கொண்டு, அழுகிய பாசியைக் கையில் அள்ளிப் பார்த்தார். வெளிச்சம் பற்றாமல் போனது மாதிரி இருக்கிறதே, விளக்கைப் பார்த்தீர்களா என்று கேட்டார். அப்பா அவரிடம், விளக்கின்மேல் குற்றமில்லை, வயசாகிவிட்டது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றார். மீன் விற்கிறவரிடம் மன்னிப்புக் கேட்டார், டாக்டர். நான் கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். செத்த பவளங்களை அவர் ஒவ்வொன்றாகக் கழுவி, செய்தித்தாளில் சுற்றினார். ஒற்றைக் கையால் சுற்ற வராமல் என்னைக் கூப்பிட்டார். நான் போய்ப் பிடித்துக்கொண்டேன்.

உங்களிடம் அழைத்து வந்தது என் வீட்டுக்கு வந்த இரண்டாம் மாதம். நீங்கள் கேட்ட கேள்விகளில் ஒன்றைத் தவிர எல்லாவற்றுக்கும் சரியாகச் சொன்னார். இருந்தாலும் தன்மேல் தனக்கே நம்பிக்கை இல்லை என்றார், நானும் பக்கத்திலிருந்து ஐந்தாறு சம்பவங்களை எடுத்துக் கொடுத்தேன். நீங்கள் மாத்திரை எழுதினீர்கள். உங்களைக் குறை சொல்ல எதுவும் இல்லை. மாத்திரையால் பகலெல்லாம் தூங்கி வழிந்தார். தூங்கி எழுந்தால் கிழமை தெரியவில்லை. கிழமை தெரியாததால் எனக்கு இன்னொரு சம்பவம் கிடைத்தது. போன வாரம் நீங்கள், ஸ்கேன் சுத்தமாக இருக்கிறது, ஆனாலும் நிலைமை வேகமாக இறங்கிக்கொண்டு வருகிறது, ஆரம்பம் எப்படி என்று தெரிந்தால் மாத்திரை அளவைக் கூட்டலாம் என்று சொல்லி இந்தப் படிவத்தைக் கொடுத்தீர்கள்.

அவருடைய பாதுகாப்புக்காகச் செய்தேன் என்று தம்பியிடம் சொல்ல ஒரு வாக்கியம் தயாராக வைத்திருக்கிறேன். உங்களிடம் அது வேண்டாம். நான் தனியாக இருந்தேன். கணவர் இறந்து ஆறு வருடம் ஆகிறது. அலுவலகம் விட்டு வந்து கதவைத் திறந்தால் உள்ளே ஒரு இருமல் சத்தமாவது கேட்க வேண்டும் என்று இருந்தது. அவர் ஒரு பவளக் கிளையின்முன் அரைமணி நேரம் நிற்பார். நான் ஊரிலிருந்து வந்து நின்றால், வந்தியாம்மா என்று கேட்டுவிட்டுத் திரும்பிக்கொள்வார். அது எனக்குப் பொறுக்கவில்லை. இப்போது நான் அறையை விட்டுப் போனால் எங்கே போகிறாய் என்று கேட்கிறார். தம்பியிடம் போனில், அக்கா இல்லாவிட்டால் என் கதி என்ன என்கிறார். அதைக் கேட்கும்போது உள்ளே ஏதோ குளிர்ந்துபோகிறது.

மாத்திரையை நிறுத்துவதா என்பது உங்கள் பொறுப்பு. ஒரே ஒரு வேண்டுகோள். அவரைத் திரும்ப அந்த மூன்றாவது மாடிக்கு அனுப்பச் சொல்லிவிடாதீர்கள். தனியாக இருக்கிற நிலையில் அவர் இல்லை. அது எனக்குத்தான் நன்றாகத் தெரியும்.

உங்களுக்கு எழுதுவதற்கு முன் அவரிடம் சொல்வதுதான் முறை என்று, இன்று காலை சொல்லிவிடுவதாக முடிவு செய்தேன். அடுப்பைப் பற்றவைத்து, அவர் முன்னால் தட்டை வைத்துவிட்டு, எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். “அப்பா, ஒண்ணு சொல்லணும்” என்றேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு காலித் தட்டைப் பார்த்தார். தப்பு செய்து மாட்டிக்கொண்டவர் மாதிரி மெல்லக் கேட்டார்.

“நான் சாப்பிட்டுட்டேனாம்மா?”

“சாப்பிட்டாச்சுப்பா” என்றேன்.

நாக்கு அந்தப் பக்கமே திரும்பிப் பழகிவிட்டது. அவர் தலையாட்டிக்கொண்டு எழுந்தார். சுத்தமாக இருந்த தட்டைக் கழுவித் துடைத்து வைத்தார். நான் அடுப்பை அணைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டேன்.

இப்போது என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். வயிற்றை என்னவோ செய்கிறது, மாத்திரையாக இருக்கும், டாக்டரிடம் மறக்காமல் சொல்லு என்று இரண்டு முறை சொல்லிவிட்டார். அது மாத்திரை இல்லை, டாக்டர். மணி பதினொன்றே முக்கால், அவர் இன்னும் சாப்பிடவில்லை.