ஓதின தண்ணீரும் நுளம்பும்

இதை எழுதலாமா என்று பல வருடம் தயங்கினேன். நோய் தீரக் குர்ஆன் ஓதி ஊதிய ‘ஓதின தண்ணீரை’ப் பழிக்கிறேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. நானும் அதைக் குடிக்கிறவன்தான்.

நுளம்புக் கடியால் டெங்கு பரவியிருந்த காலம். கல்முனைக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். இளையவளின் மகள் டெங்குக் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில். அவளைப் பார்க்கத்தான் போகிறார்கள்.

“ஓதின தண்ணிக்குள்ள நுளம்பு முட்டையிடுமா ராத்தா?” என்றாள் இளையவள், மூத்தவளிடம்.

“ஏன் புள்ள கேக்காய்?”

“வீட்டுல மகள்ட கட்டில் தலைமாட்டுல ஒரு சட்டி வெச்சிருக்கன். காலைல பாத்தா புழு நெளியுது. கால் படுற இடத்துல ஊத்தப்படாதே, அதான் கொட்டல்ல.”

“மூடாமலா வெச்ச?”

“ஓம். ஓதின தண்ணிதானே எண்டு...”

“அது நுளம்புக்குத் தெரியுமா, விசரி! இப்ப அந்தக் கட்டில்ல ஆரு?”

“சின்னவன். வாப்பாவோட நித்திரை.”

“யா அல்லாஹ்! இறங்கு புள்ள! முருங்கை மூட்டுல ஊத்து, ஆருட காலும் படாது. மகள நான் பாக்கன். கொண்டக்டர் தம்பி, நிப்பாட்டுங்க!”

அவள் குதித்து இறங்கி, அபாயாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள். ராத்தா ஜன்னலால் தலையை நீட்டிக் கத்தினாள்:

“சட்டியையும் தேச்சிக் கழுவு! முட்டை ஒட்டியிருக்கும்!”

வாசிக்கிறவர்கள் இதைக் கூட்டாமல் குறைக்காமல், கேட்டபடியே வீட்டுக்கு வீடு சொல்லுங்கள். அல்லாஹ் நம் பிள்ளைகளைக் காப்பானாக.