நாற்பது அடிக் கயிறு

கடலில் துணி சரியாகக் காயாது, அய்யா. வெயிலும் கொளுத்தும், காற்றும் அடிக்கும். ஆனாலும் எடுத்துப் போட்டால் உப்பு பிசுபிசுவென்று உடம்போடு ஒட்டும். எழுபத்தெட்டு நாள் படகில் இருந்தேன். எனக்கு இருந்த சங்கடம் அது ஒன்றுதான். மற்றபடி நிம்மதியான வாழ்க்கை.

என் பெயர் அருளப்பன், வயது அறுபத்திரண்டு, வீடு பாளையங்கோட்டை. வெளிநாட்டுக் கப்பல் வந்தால் அதில் நோய் இல்லை என்று சான்று எழுதுகிற வேலையில் முப்பத்தொரு வருஷம் இருந்தேன். அத்தனை வருஷத்தில் ஒரு நோயாளியைக்கூட நேரில் பார்த்ததில்லை. என் காகிதங்கள் அவ்வளவு சுத்தம்.

ஓய்வு பெற்ற பிறகு, டச்சுக்காரக் கிழவர் ஒருவர் விட்டுப்போன பாய்ப்படகை வாங்கினேன். உள்ளே இரண்டு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு கக்கூஸ். தெருவில் சிரித்தார்கள். கொக்கிரகுளம் ஆற்றுப் பாலத்துக்கு அடியில் விடப் போகிறீர்களா அண்ணாச்சி என்று ஒருவர் கேட்டார். எனக்குப் பாய் விரிக்கத் தெரியாது என்பது உண்மைதான். ஆனால் படகின் எல்லா பாகங்களுக்கும் பெயர் தெரியும்.

2020 மார்ச்சில் எதிர்வீட்டுப் பையன் துபாயிலிருந்து வந்து இறங்கினான். வாசலில் நின்று இரண்டு தும்மல் போட்டான். அன்று மாலையே முடிவெடுத்துவிட்டேன். உலகத்திலேயே சுத்தமான இடம் கடல்தான். அங்கே அண்டைவீடு கிடையாது. என் மனைவி லூசிக்கு விருப்பமில்லை. அவளுடைய தம்பி ரெக்சன் புன்னைக்காயலில் மீன்பிடிக்கிறவன். படகு ஓட்ட அவன் வேண்டும் என்றேன். அக்கா கூப்பிட்டாள் என்பதற்காக வந்தான். எனக்காக வந்தான் என்று சொல்ல மாட்டேன். நான் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன்.

ஊரடங்குக்கு இரண்டு நாள் முந்தி ஏறினோம். தாமிரபரணி கடலில் சேரும் இடத்துக்கு வெளியே, கரையிலிருந்து ஒரு மைல் தள்ளி ரெக்சன் நங்கூரம் போட்டான். தெற்கே பார்த்தால் திருச்செந்தூர்க் கோபுரம் தெரியும். கூட்டமே இல்லாத கோபுரம். பார்க்க எனக்குத் திருப்தியாக இருந்தது.

முதல் நாளே விதிகளை எழுதி அடுப்புக்கு மேலே ஒட்டினேன். இருபத்திரண்டு விதி. தூங்கும்போதும் மாஸ்க். காலையும் மாலையும் பிளீச்சிங் பவுடர் கரைத்துப் படகு முழுக்கக் கழுவ வேண்டும். எனக்கு முதுகுவலி என்பதால் ரெக்சன்தான் கழுவினான். மஞ்சள் கொடி என்றால் கப்பல் மொழியில் சுகாதார விஷயம்; எங்களிடம் மஞ்சள் துணி இல்லை. லூசி மகள் நிச்சயதார்த்தத்துக்கு எடுத்த பட்டுச்சேலை மஞ்சள். அதன் முந்தியைக் கிழித்துக் கட்டினேன். இரண்டு நாள் பேசாமல் இருந்தாள். பேசாமல் இருந்தால் எச்சில் தெறிக்காது என்பதால் நானும் வற்புறுத்தவில்லை. அவளுடைய போனையும் சுத்தப்படுத்துவதற்காகப் பவுடர் தண்ணீரில் முக்கினேன். அது அதோடு சரி.

ரெக்சன் வாரம் இரண்டு தடவை சின்னத் தோணியில் கரைக்குப் போய்க் குடிதண்ணீரும் காய்கறியும் கொண்டுவருவான். திரும்பியதும் தோணியிலேயே நிறுத்தி, தலையோடு பவுடர் தண்ணீர் ஊற்றுவேன். கண் எரியுது என்பான். சிரித்துக்கொண்டேதான் சொல்வான். அவனிடம் எனக்குப் பிடிக்காதது அந்தச் சிரிப்புதான். நான் விதிகளை வாசிக்கும்போது அக்காவைப் பார்த்துச் சிரிப்பான். அவளும் சிரிப்பாள். மாஸ்க் போட்டிருந்தாலும் கண்ணைப் பார்த்தால் தெரியாதா?

மே இருபத்தைந்தாம் தேதி காலையில் இருமினான். பதினோரு தடவை. எண்ணினேன்.

நான் பதறவில்லை. நோய் சந்தேகம் வந்தால் பதினாலு நாள் தனிமை. அவனைச் சின்னத் தோணியில் இறக்கி, நாற்பது அடிக் கயிற்றில் கட்டி, பின்னால் விட்டேன். வெயிலுக்கு ஒரு தார்ப்பாய் கொடுத்தேன். துடுப்பை மட்டும் வாங்கிக்கொண்டேன். அவன் கை பட்ட பொருள், கழுவ வேண்டும். சாப்பாடும் தண்ணீரும் வாளியில் வைத்துக் கயிறு வழியாக அனுப்பினேன். தண்ணீரில் ஒரு சிட்டிகை பவுடர் போட்டேன், பாதுகாப்புக்கு.

மூன்றாம் நாள் அங்கிருந்து கூப்பிட்டுச் சொன்னான்:

"அத்தான், எனக்குக் காய்ச்சலும் இல்ல, ஒண்ணும் இல்ல. உங்க பவுடர்தான் நெஞ்சுல ஏறி அறுக்கு. துடுப்பத் தாங்க, நான் பைய கரைக்குப் போயிருதேன்."

சந்தேகத்துக்குரிய ஆளைக் கரைக்கு அனுப்புவது குற்றம் என்று விளக்கினேன். ஒரு ஊரே இருக்கிறது அங்கே. என்னால் ஒரு ஊருக்குக் கெடுதல் வரக்கூடாது.

அவன் நினைத்திருந்தால் நீந்திப் போயிருக்கலாம், அய்யா. நாலு வயதிலிருந்து கடலில் கிடக்கிறவன். ஏன் போகவில்லை என்று நீங்கள் கேட்டீர்கள். லூசியும் அவனைக் கேட்டாள். அவன் சொன்ன பதில் என் காதிலும் விழுந்தது.

"இருக்கட்டும்க்கா. நான் போயிட்டா அத்தான் உன்னய நிம்மதியா இருக்க விடமாட்டாவ. பதினாலு நாளுதான."

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அவனே சம்மதித்துத்தான் இருந்தான். யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

எட்டாம் நாளோடு இருமல் நின்றது. பேச்சும் குறைந்தது. உதடு வெடித்து, தார்ப்பாய்க்குள்ளேயே படுத்துக் கிடந்தான். லூசி தன் பங்குக் கஞ்சியையும் வாளியில் ஊற்றினாள். அதை நான் தடுக்கவில்லை. எழுதிக்கொள்ளுங்கள்.

பதினோராம் நாள் ஜூன் நான்கு. மத்தியானம் பன்னிரண்டு மணிக்குக் கச்சான் எழும்பியது. மேற்கேயிருந்து அடிக்கிற அந்தக் காற்று, எதையும் கரையை விட்டு வெளியே தள்ளிக்கொண்டு போகும். தோணிக்குள் அலை ஏறியது. அவன் எழுந்து, கயிற்றைப் பிடித்து எங்கள் படகை நோக்கி இழுத்து வந்தான். முப்பது அடி. இருபது அடி. நில்லு என்றேன்.

"காத்து கூடுது அத்தான். இந்தத் தோணி தாங்காது. முன்னால ஒரு மூலையில இருந்துக்கிடுதேன். உங்க பக்கம் வரமாட்டேன்."

நிதானமாகத்தான் சொன்னான். நானும் நிதானமாகத்தான் இன்னும் மூன்று நாள் பாக்கி இருக்கிறது என்றேன். பத்து அடிக்கு வந்துவிட்டான். லூசி படகின் ஓரக் கம்பியைப் பிடித்துக் குனிந்து, கையை நீட்டினாள். மாஸ்க் போடவில்லை. அவன் இந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

"அக்கா, கையக் குடு" என்றான்.

மீன் வெட்டுகிற கத்தி அடுப்புப் பக்கத்தில் இருந்தது. கயிறு புதுசு, ஒரே இழுப்பில் அறுபடவில்லை. நாலு தடவை அறுக்க வேண்டியிருந்தது. நாலு தடவைக்கும் அவன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்போது சிரிப்பு இல்லை.

காற்று தோணியைச் சட்டென்று எடுத்துக்கொண்டது. அவன் குதித்து நீந்தினான். பத்துப் பதினைந்து கை போட்டிருப்பான். நெஞ்சு தாங்காமல் இருமல் வந்துவிட்டது. திரும்பித் தோணியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். அவன் இருமுவதை நான் லூசிக்குச் சுட்டிக்காட்டினேன். அவள் என் கையைக் கடித்தாள். இதோ தழும்பு. பிறகு தொண்டை கட்டும்வரை அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். காற்றுக்குப் பயந்து எல்லாரும் கரையேறியிருந்தார்கள், பக்கத்தில் ஒரு படகும் இல்லை. அரை மணி நேரத்தில் தோணி கண்ணுக்கு மறைந்தது. கத்தியைக் கழுவி வைத்தேன்.

என் கையில் போன் இருந்ததே, ஏன் யாருக்கும் சொல்லவில்லை என்று கேட்டீர்கள். தனிமைக் காலம் முடிய மூன்று நாள் இருந்தது. அதற்குள் தேட ஆள் அனுப்பினால் தேடுகிறவர்களுக்கு ஆபத்து இல்லையா? பதினைந்தாம் நாள் காலை எட்டு மணிக்கு முறைப்படி தகவல் கொடுத்தேன். கயிறு தானாக அறுந்தது என்று சொன்னேன். அது ஒன்று மட்டும் தவறு. வெட்டு சுத்தமாக இருக்கிறது என்று நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள். உங்களைப் பாராட்டத்தான் வேண்டும்.

மறுநாள் தோணி கிடைத்தது. அவனும் அதில்தான் இருந்தான். நோய் இல்லை என்று பரிசோதனை முடிவு வந்திருக்கிறது. நெஞ்சு பவுடர் நெடியில் வெந்துபோயிருந்தது என்று அறுத்துப் பார்த்த டாக்டர் எழுதியிருக்கிறார். லூசி அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். என் முகத்தில் முழிக்க மாட்டாளாம். இந்தக் காலத்தில் அதுவும் நல்லதுதான்.

பயத்தில் செய்தேன் என்று எழுதட்டுமா என்று இரக்கப்பட்டுக் கேட்டீர்கள். வேண்டாம். அவன் இருமலை நிறுத்தி மூன்று நாள் ஆகியிருந்தது. நான் எண்ணிக்கொண்டுதானே இருந்தேன். கயிற்றைப் பிடித்து வந்தபோது அவனுக்கு நோய் கிடையாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அவன் ஏறியிருந்தால், ஒன்றுமில்லாத ஆளைப் பதினோரு நாள் வெயிலில் போட்டவன் என்று ஆகியிருப்பேன். இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்திருப்பார்கள், மிச்ச நாள் முழுக்க. அந்தச் சின்னப் படகில் அதற்கு எங்கே இடம்?

கையெழுத்துப் போடுகிறேன். அதற்கு முன் கீழே ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: எழுபத்தெட்டு நாளில் என் படகில் ஒருவருக்கும் நோய் வரவில்லை.