ஐந்து இதழும் ஒரே நூலில்

துணிப்பூ தைப்பதற்குப் புதுத் துணி வாங்கக் கூடாது. புதுத் துணியில் கஞ்சி இருக்கும், மடித்த இடத்தில் படியாமல் விறைத்துக்கொண்டு நிற்கும். பத்து வருடம் உடுத்தித் துவைத்த பருத்தித் துணிதான் சொன்ன பேச்சைக் கேட்கும். நேற்று உங்கள் ஆள் ஒருவர் இரண்டு பூக்களையும் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டே, "பழைய துணியிலயா தைச்சீங்க?" என்று ஒரு மாதிரியாகக் கேட்டார். அதனால் சொல்கிறேன் மேடம், அது கஞ்சத்தனம் இல்லை. வேலை தெரிந்தவள் அப்படித்தான் செய்வாள். ஊக்குகளை மட்டும் கழற்றி வைக்கச் சொல்லுங்கள். பைக்குள் வேர்த்தால் துருப்பிடித்துவிடும்.

எனக்குத் துணி திருத்துகிற கடை. கால்சட்டையின் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, உடம்பு போட்டவர்களுக்குத் தையல் பிரித்துவிடுவது. இருபது வருடமாக அதே தெரு, அதே மெஷின். வீட்டில் அம்மா, நான், எனக்கு ஒன்பது வயது இளையவனான தம்பி. அம்மா அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவாள். அவன் வந்தால்தான் அடுப்பு எரியும், அவன் தும்மினால் ஜன்னல் சாத்தப்படும். எனக்குக் காய்ச்சல் வந்தால், "நீ சமாளிச்சுக்குவே" என்பாள். நானும் சமாளித்துக்கொண்டேன். யாரையும் குறை சொல்லவில்லை, வீட்டு நிலவரத்தைச் சொல்கிறேன்.

எட்டு வருடங்களுக்கு முன் தம்பி ஒரு ஒப்பந்தக்காரரிடம் சேர்ந்து அணை வேலைக்குப் போனான். மூன்றாவது மாதம் மலை சரிந்து, தொழிலாளர் தங்கியிருந்த கொட்டகைகள் மொத்தமும் மண்ணுக்குள் போய்விட்டன. தோண்டியதில் பாதிப் பேர்தான் கிடைத்தார்கள். ஒப்பந்தக்காரரிடம் ஒழுங்கான பட்டியல் கிடையாது. எந்த வீட்டில் ஆளைக் காணோமோ, அந்த வீட்டார் சொன்ன பெயர்தான் பட்டியல்.

அம்மா என் மடியில் விழுந்து அழுதாள். அதற்கு முன் அவள் என்னைத் தொட்டது எப்போது என்று யோசித்துப் பார்த்தேன், ஞாபகத்துக்கு வரவில்லை. அவள் தலை எவ்வளவு கனம் என்பது முப்பத்தெட்டு வயதில்தான் எனக்குத் தெரிந்தது. என் கையால் ஊட்டினால்தான் சாப்பிட்டாள். நான் குளிக்கப் போனாலும் கதவுக்கு வெளியே நின்று, "இருக்கியா?" என்று கேட்பாள். எனக்கும் தம்பிக்காக அழுகை வந்தது. அதை நீங்கள் நம்ப வேண்டும்.

நாலாம் நாள் மத்தியானம் கடைக்குப் போன் வந்தது.

"அக்கா, நான்தான். எனக்கு ஒண்ணும் ஆகலை. மேஸ்திரியோட சண்டை போட்டுட்டு முந்தின நாளே கிளம்பிட்டேன். இப்பத்தான் செய்தி கேள்விப்பட்டேன். வேற ஏஜென்ட் மூலமா வெளியூருக்குப் போறேன், எப்ப வருவேன்னு தெரியாது. பாதியில ஓடிட்டேன்னு அவனுங்க தேடுவாங்க, யார்கிட்டயும் மூச்சு விடாதே. அம்மாகிட்ட மட்டும் சொல்லிடு."

"சரிடா" என்றேன். சொல்ல வேண்டும் என்றுதான் கடையைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தால், அம்மா எனக்காகத் தேநீர் போட்டு மூடி வைத்திருந்தாள். அவன் இல்லாமல், எனக்கென்று. சர்க்கரை எவ்வளவு என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை, மூன்று கரண்டி போட்டிருந்தாள். அதைக் குடித்துக்கொண்டே நாளைக்குச் சொல்லலாம் என்று முடிவு செய்தேன். மறுநாள், மண்ணில் போனவர்களுக்காக ஊரில் அமைத்த நினைவுக் குழுவிலிருந்து ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் நோட்டோடு வந்தார். தம்பியின் பெயரை அம்மாவால் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. நான்தான் சொன்னேன், எழுத்தும் பார்த்துத் திருத்திக் கொடுத்தேன்.

மூன்று மாதம் கழித்து அவன் மறுபடி கூப்பிட்டான். அம்மாவிடம் பேச வேண்டும், வீட்டுக்குப் போனைக் கொண்டுபோ என்றான். அவள் ஒரு வார்த்தை கேட்டால் போதும், எனக்கு மறுபடி பழைய இடம்தான் என்று தெரிந்தது. கையில் இருந்த சாக்கட்டியால் துணியில் ஒரு கோடு போட்டு முடிக்கும்வரை யோசித்தேன்.

"அம்மா இல்லடா" என்றேன். "மலை சரிஞ்ச செய்தி வந்த மூணாம் நாளே போயிட்டாங்க. நீ நாலாம் நாள்தானே கூப்பிட்டே. அன்னைக்கு உன்கிட்ட சொல்ல எனக்கு வாய் வரலை."

அப்புறம் கேட்டான், "ஒரு நாள் முன்னாடி கூப்பிட்டிருந்தா?"

"அதையெல்லாம் நினைச்சு மனசைப் போட்டுக் குழப்பிக்காதே. அவனுங்க இன்னும் தேடுறாங்க, இந்தப் பக்கம் மட்டும் வந்துடாதே" என்று ஆறுதல் சொன்னேன்.

முதல் வருட நினைவு நாளுக்குக் குழுவினர் காகிதப் பூ கொடுத்தார்கள். மழையில் சாயம் கரைந்து, வந்தவர்கள் நெஞ்சிலெல்லாம் சிவப்பாக ஒழுகியது. பார்க்கவே சகிக்கவில்லை. வாத்தியார் என் கடைக்கு வந்து, வருடா வருடம் துவைத்துக் குத்திக்கொள்கிற மாதிரி ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டார். இறந்தவரின் துணியிலேயே தைத்துவிடலாம் என்று நான் சொன்ன யோசனை அவருக்குப் பிடித்துப்போனது. நாற்பத்தோரு வீட்டிலிருந்து துணி வந்தது. ஐந்து வட்டம் வெட்டி, ஒவ்வொன்றையும் பாதியாக மடித்து, வளைந்த ஓரத்தில் ஓட்டுத் தையல் போட்டு இழுத்தால் இதழ் சுருங்கிக்கொள்ளும். நூலை அறுக்காமல் அதிலேயே அடுத்த இதழைக் கோக்க வேண்டும். நடுவில் துணி சுற்றிய பொத்தான். பின்னால் ஒரு கெட்டித் துணி வில்லை, அதில் நூலாலேயே இரண்டு வளையம். ஊக்கை வளையத்தில் நுழைத்துக் குத்தலாம், துவைக்கும்போது உருவிவிடலாம். நாற்பத்தோரு குடும்பமும் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டது. அந்த நாற்பத்தொன்றில் ஒன்று தம்பியின் நீலக் கட்டம் போட்ட சட்டை.

அம்மா அதைக் குத்திக்கொண்டு வருடா வருடம் கூட்டத்துக்கு வந்தாள். மற்ற நாட்களில் தலையணை அருகில் வைத்துக்கொண்டு அதனோடு பேசுவாள். சில சமயம், "உடம்புதான் கிடைக்கலையே, எங்கயாவது இருப்பானோ?" என்பாள். "இருந்தா ஒரு போன் பண்ணமாட்டானா அம்மா?" என்று கேட்பேன். ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டு என் கையைப் பிடித்துக்கொள்வாள். அது நல்ல கேள்வி. எட்டு வருடம் தாங்கியது.

தம்பி அம்மாவின் ஞாபகமாக ஏதாவது வேண்டும் என்று கேட்டிருந்தான். அவனுக்கும் ஒரு பூ தைத்து அனுப்பினேன். அம்மாவின் கத்தரிப்பூ நிறச் சேலையில் தலைப்புப் பக்கம் வெட்டினேன். சேலையைக் காணோம் என்று அம்மா ஒரு வாரம் வீட்டைத் தலைகீழாகப் புரட்டினாள். கொடியிலிருந்து காற்றில் போயிருக்கும் என்றேன். ஆக, அம்மா அவனுக்காகவும் அவன் அம்மாவுக்காகவும், ஒரே வாரத்தில், என் கைத் தையலைக் குத்திக்கொண்டு நின்றார்கள். எனக்காகக் குத்திக்கொள்ள யாரும் இல்லை என்பதை ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன்.

இப்போது நீங்கள் கேட்கிற அந்த நாளுக்கு வருகிறேன். தம்பியின் பூவில் நூல் அறுந்துவிட்டது. ஐந்து இதழும் ஒரே நூலில் இருப்பதால் ஓர் இடத்தில் அறுந்தால் எல்லாமே தளர்ந்துவிடும். அதைச் சீர் செய்து அனுப்பச் சொல்லிக் கடை விலாசத்துக்குப் பார்சல் போட்டிருக்கிறான். அன்று கடைக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள், நான் நூல் வாங்கப் போயிருந்தேன். கூரியர்க்காரர் தெரிந்தவர், உதவி செய்வதாக நினைத்து வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். அம்மாவுக்குக் கண் மங்கி நாளாயிற்று. மாடி வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் கடிதத்தைப் படிக்கச் சொல்லியிருக்கிறாள். அந்தப் பெண்ணும் ஒரு வரி விடாமல் படித்திருக்கிறாள். 'அம்மா நினைவு நாளுக்குள் அனுப்பிவிடு அக்கா' என்கிற வரி உட்பட.

நான் உள்ளே நுழைந்தபோது அம்மா கட்டிலில் உட்கார்ந்து பூவைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"இது என் சேலை" என்றாள். அப்புறம், "அவன் இருக்கான்" என்றாள்.

திட்டுவாள் என்று நின்றேன். சாபம் விட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவள் என்னைத் திட்டவே இல்லை. முகம் முழுக்கச் சிரிப்பு, எட்டு வருடத்தில் நான் ஒரு நாளும் பார்க்காத சிரிப்பு. குளிப்பாட்டினேன், ஊட்டினேன், மூச்சிரைப்பு வந்தபோதெல்லாம் முதுகைத் தேய்த்துவிட்டேன். அத்தனையும் ஒரு கடிதத்தில் போய்விட்டது. எனக்கு வயிறு எரிந்தது மேடம், மறைக்க ஒன்றுமில்லை.

"போனைக் குடும்மா. ஒரே ஒரு வார்த்தை பேசிட்டுத் தந்துடறேன்" என்றாள். பக்கத்து வீட்டில் கைமாற்று கேட்கிற குரலில் கேட்டாள்.

"பூ பிரிஞ்சு கிடக்கு. முதல்ல இதைத் தைச்சிடறேன்" என்றேன்.

கட்டிலில் உட்கார இடம் வேண்டியிருந்தது. அங்கே இருந்த அவளுடைய இன்ஹேலரையும் தண்ணீர்ப் பாட்டிலையும் எடுத்து மேசைமேல் வைத்தேன். நான்கடி தூரம் என்று அளந்து எழுதியிருக்கிறீர்கள், சரிதான். அவளுக்கு எழுந்து நிற்க ஆள் வேண்டும் என்று மருத்துவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள், அதுவும் சரி.

பழைய நூலை உருவிவிட்டுப் புது நூல் கோத்தேன். முதல் இதழ் முடிவதற்குள் அவளுக்கு இரைப்பு வந்துவிட்டது. சந்தோஷத்திலும் வரும், துக்கத்திலும் வரும், அவளுக்கு அப்படி ஒரு உடம்பு. மேசையைப் பார்த்துக் கையை நீட்டினாள். இரண்டாவது இதழ் தைத்தேன். மூன்றாவதில் சுருக்கம் சரியாக விழவில்லை, பிரித்து மறுபடி போட்டேன். அவள் என் தோளைப் பிடித்து இழுத்தாள். ஊசி பிசகும் என்று கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தேன்.

நாலாவது இதழின்போது அவள் கூப்பிட்டாள். தம்பியின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டாள். என் பெயரைச் சொல்லியிருந்தால் எழுந்திருப்பேன் என்று நினைக்கிறேன். நேரமும் இருந்தது. ஒரு தடவை, அரைகுறையாகச் சொல்லியிருந்தால்கூடப் போதும்.

ஐந்தாவது இதழை முதல் இதழோடு சேர்த்து, முடிச்சுப் போட்டு, நூலை வெட்டிவிட்டு எழுந்தேன். அதற்குள் அறை அமைதியாகிவிட்டது. அவள் வாயைத் துடைத்து, கண்ணை மூடிவிட்டு, மாடி வீட்டுக்காரியைக் கூப்பிட்டேன். காரியங்கள் முடிந்த மறுநாள் பூவைத் தம்பிக்கு அனுப்ப உறை எழுதி வைத்தேன். அனுப்ப வேண்டிய அவசியம் வரவில்லை. மாடி வீட்டுக்காரி கடிதத்திலிருந்த எண்ணைக் குறித்து வைத்திருந்தாள், அவனே வந்து நின்றான்.

ஸ்டேஷனுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான் என்றீர்கள். என் முகத்தில் விழிக்க மாட்டானாம். ஒரே ஒரு கேள்வி மட்டும் உங்களிடம் சொல்லி அனுப்பியிருக்கிறான், அம்மா உயிரோடு இருக்கும்போது செத்துவிட்டாள் என்று எப்படிப் பொய் சொல்ல மனம் வந்தது என்று. கூடப் பிறந்தவன் என்னைப் பொய்க்காரி என்று நினைத்துக்கொண்டு போவதை நான் விரும்பவில்லை. இதை அப்படியே எழுதி அவனிடம் படித்துக் காட்டுங்கள். அம்மா போய்விட்டாள் என்று சொன்னேன். போய்விட்டாள். நான் கொஞ்சம் முன்கூட்டிச் சொல்லிவிட்டேன், அவ்வளவுதான்.