பதினெட்டு அங்குல ஆழம்

சின்ன வீட்டுக்கு முதலில் வாங்க வேண்டியது சோபா இல்லை, ஐயா. அளவு நாடா. சின்ன வீடு என்றதும் உங்கள் எழுத்தர் தலையைக் குனிந்துகொண்டு சிரிக்கிறார். பரவாயில்லை, எல்லோரும் சிரிப்பார்கள். என் தொழிலில் அதற்கு நானூறு சதுர அடிக்கு உட்பட்ட வீடு என்று மட்டும்தான் பொருள். பதினாறு வருஷமாக அப்படிப்பட்ட வீடுகளுக்கு அலமாரி, கட்டில், மடக்கு மேஜை எல்லாம் வரைந்து, ஆள் வைத்துச் செய்து கொடுக்கிறேன். பத்துப் பேரில் எட்டுப் பேர் கடையில் பார்த்த சோபாவுக்கு ஆசைப்பட்டு வாங்கிப் போட்டுவிட்டு, அப்புறம் சமையலறைக்கு நண்டு மாதிரி பக்கவாட்டில் போகிறவர்கள். அந்த வீடுகளுக்குப் போனால் எனக்கு மூச்சு முட்டும்.

எங்கள் வீடு முந்நூற்றெண்பது சதுர அடி. ஒரு கூடம், ஒரு படுக்கையறை, இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆளுக்கு இடமில்லாத சமையலறை. அம்மா எங்கள் இருவர் பேரிலும் எழுதிவைத்துவிட்டுப் போனாள். அண்ணனுக்கும் கல்யாணம் ஆகவில்லை, எனக்கும் ஆகவில்லை. என்னைப் படிக்கவைத்து ஆளாக்குவதற்குள் அண்ணனுக்கு வயதாகிவிட்டது என்று உறவுக்காரர்கள் சொல்வார்கள். அண்ணன் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நானும் ஏதாவது பதில் சொல்லியிருக்கலாம்.

அண்ணன் பஸ் ஓட்டினார். அவர் வழித்தடத்தில் அவருக்கு மெதுவண்ணன் என்று பேர். "மெதுவண்ணன் வண்டியா, அப்போ குளிச்சிட்டே போலாம்" என்று ஜனங்கள் கிண்டல் செய்வார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். முப்பது வருஷத்தில் ஒரு நாய்க்குட்டி கூட அவர் சக்கரத்தில் அடிபட்டதில்லை. ஓய்வு பெற்றபோது, அவர் ஓட்டிய பழைய வண்டியை உடைக்கப் போவதாகக் கேள்விப்பட்டு, கெஞ்சிக் கூத்தாடி அதன் ஓட்டுநர் இருக்கையைக் கழற்றி வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தார். கூடத்தின் நடுவே போட்டு அதில்தான் உட்காருவார், சாப்பிடுவார், தூங்குவார். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், எனக்கு அந்த இருக்கையைப் பார்த்தாலே எரிச்சல் வரும். இருபத்தெட்டு அங்குல அகலம். கதவைத் திறந்தால் அதில்தான் இடிக்கும்.

போன வருஷம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால் போயின. பேச்சும் போய்விட்டது. மிஞ்சியது ஒரே ஒரு சொல். என்ன கேட்டாலும் "சரி" என்பார். பசிக்கிறதா என்றால் சரி. வலிக்கிறதா என்றால் சரி. ஜன்னலைப் பார்த்தும் சரி என்பார். டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். "அது பதில் இல்லை தம்பி. வாயில தங்கிப்போன வார்த்தை. அதை வெச்சு எதையும் முடிவு பண்ணாதீங்க. கண்ணைப் பாருங்க, இடது கையைப் பாருங்க, அதுலதான் அவர் பேசுவார்." நான் தலையாட்டினேன். ஆனால் ஒருவர் சரி என்று சொல்லும்போது இல்லை என்று எடுத்துக்கொள்வது எப்படி ஐயா?

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் முதல் வேலையாகக் கேட்டேன். "அண்ணா, இனிமே அந்த சீட்ல உக்கார முடியாதே. எடுத்துடட்டுமா?" சரி என்றார். பழைய சாமான்காரர் வந்து தூக்கிப்போகும்போது அண்ணனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. இந்த நோயில் காரணமே இல்லாமல் கண்ணீர் வரும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார்.

இருக்கை போன இடத்தில் கட்டில் வந்தது. அது இன்னும் பெரிய இடைஞ்சல். அதனால் சுவரோடு மடிக்கும் கட்டில் ஒன்றை வரைந்தேன். நீங்கள் பார்த்தீர்களே, அதுதான். நீளவாட்டில் மேலே தூக்கினால் பெட்டிக்குள் போய் மூடிக்கொள்ளும். அடிப்பலகை வெளிப்பக்கம் வரும். அதில் தேக்கு ரேகை போட்ட தாள் ஒட்டியிருப்பதால் அழகான அலமாரி போலத் தெரியும். மெத்தையோடு மடிக்க எட்டு அங்குல ஆழம் போதும். நான் பதினெட்டு வைத்தேன். "எதுக்கு சார் இவ்வளவு ஆழம், நடக்கிற இடம் போகுதே" என்று தச்சர் கேட்டார். தலையணை, போர்வை எதையும் எடுக்காமலே மடிக்கலாம் என்றேன்.

என் தொழிலில் வாடிக்கையாளர்கள் வீட்டுக்கே வந்து பார்ப்பார்கள். குடியிருக்கும் வீட்டைப் பார்த்தால்தான் நம்பிக்கை வரும். ஆனால் அண்ணன் கூடத்தில் கிடந்தபோது வந்தவர்கள் அலமாரியைப் பார்க்கவில்லை, அண்ணனைத்தான் பார்த்தார்கள். "ஐயோ பாவம், எத்தனை நாளா இப்படி?" என்று கேட்பார்கள். ஒரு இளம் தம்பதி வாசலோடு திரும்பிப் போனார்கள். படுக்கையறைக்கு மாற்றியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அங்கேதான் என் வரைமேஜையும் சுவர் முழுக்க அலமாரியும். அதைத்தான் முதலில் காட்ட வேண்டும்.

முதல் தடவை அவசரத்தில் நடந்தது. வருவதாகச் சொன்ன நேரத்துக்கு முன்பே ஒருவர் கீழே வந்து நின்று போன் செய்தார். அண்ணனை நாற்காலிக்கு மாற்ற நேரமில்லை. "அண்ணா, ஒரு அரை மணி நேரம், கொஞ்சம் மடிச்சு வெக்கட்டுமா?" சரி என்றார். விழாமல் இருக்க மார்பிலும் இடுப்பிலும் பட்டை போட்டேன். வலது பக்கம் கீழே வருகிற மாதிரி கட்டில் அமைந்திருந்தது. அதனால் நல்ல கை சும்மா இருக்கும். நாற்பது நிமிடம் ஆயிற்று. திறந்தபோது குளித்த மாதிரி வேர்த்திருந்தது. அதற்காக நான் வருத்தப்பட்டேன். மறுநாளே தலைமாட்டுப் பக்கப் பலகையில் பென்சில் கனத்துக்குப் பன்னிரண்டு ஓட்டைகள் போட்டுக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு எத்தனை தடவை என்று எண்ணி வைக்கவில்லை. இருபதுக்கு மேல் இருக்கும். ஒவ்வொரு தடவையும் கேட்டுவிட்டுத்தான் மடிப்பேன்.

அண்ணனைக் கவனிக்கக் காலையிலும் சாயங்காலமும் ஒரு அக்கா வருவார். குளிப்பாட்டி, துணி மாற்றி, ஊட்டிவிட்டுப் போவார். வாய் ஓயாது, ஆனால் வேலை சுத்தம். ஒருநாள் அண்ணனின் இடது கையைத் தூக்கிக் காட்டினார்.

"என்ன தம்பி, முட்டியெல்லாம் உரிஞ்சு கெடக்கு?"

"நாற்காலியில இடிச்சுக்கிறார்க்கா."

"நாற்காலியில இப்படியா இடிக்கும்?" என்று என் முகத்தையே பார்த்தார். "இன்னொண்ணும் சொல்றேன், தப்பா நெனைக்காதீங்க. நீங்க உள்ள வந்தா இவர் கட்டில் சட்டத்தைக் கெட்டியாப் புடிச்சுக்கிறார். பச்சப்புள்ள ஊசிக்குப் பயந்து அம்மாவைப் புடிக்கிற மாதிரி. ஏன் தம்பி?"

"பிடிச்சுப் பழகறார்க்கா. டாக்டர் சொன்ன பயிற்சி" என்றேன்.

அன்றே நான் ஓட்டைகளை மட்டும் விட்டுவிட்டு உள்பக்கம் முழுக்க அரை அங்குலப் பஞ்சு ஒட்டினேன். முட்டி உரிவது நின்றது. தட்டும் சத்தமும் அடங்கிப்போயிற்று. வேறு யாராவது இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்திருப்பார்களா என்று நினைத்துக்கொண்டேன்.

இனி போன வியாழக்கிழமைக்கு வருகிறேன்.

அறுபது வீடுகள் கொண்ட ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. எல்லாமே என் அளவு வீடுகள். அதன் முதலாளி தன் மனைவியோடு பதினொரு மணிக்கு வருவதாகச் சொன்னார். மனைவிக்குப் பிடித்தால் அறுபதும் எனக்கு. பதினாறு வருஷம் ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கியவனுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குப் புரியும். காலையில் அக்கா போனதும், வருகிறவர்களின் கண்ணோடு வீட்டை ஒருமுறை பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது, அந்தப் பன்னிரண்டு ஓட்டைகளைத் தவிர. எலிக்கூண்டு மாதிரி தெரிந்தது. அந்த அம்மாள் கட்டாயம் இது எதுக்கு என்று கேட்பார். மிச்சம் இருந்த தேக்குத் தாளை வெட்டி, ரேகையோடு ரேகை பொருந்த மேலே ஒட்டினேன். ஒட்டியபின் உற்றுப் பார்த்தாலும் தெரியவில்லை. விளிம்புகளில் தூசி போகாமல் இருக்க ரப்பர் பட்டை ஏற்கெனவே இருந்தது. உள்ளே எவ்வளவு காற்று நிற்கும் என்று கணக்குப் பார்க்கத் தெரியாதவன் இல்லை நான். அரை மணி, முக்கால் மணிக்குப் பயமே இல்லை.

பத்தே முக்காலுக்குக் கேட்டேன். சரி என்றார். சட்டத்தைப் பிடித்திருந்த விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு மடித்தேன்.

அந்த அம்மாளுக்கு வீடு மிகவும் பிடித்துவிட்டது. இழுப்பறைகளை இழுத்து இழுத்துப் பார்த்தார். சமையலறையில் மடக்கு மேஜையைத் தானே மடித்துப் பார்த்து, "நம்ம வீட்டுல இத்தனை ரூம் இருந்தும் ஒரு கரண்டி வெக்க இடமில்ல, இங்க பாருங்க" என்று கணவரை இடித்துக் காட்டினார். கூடத்துக்கு வந்ததும் நின்றார்.

"ஏதோ சத்தம் கேக்குதே?"

"மரம்மா. வெயில் ஏறினா அப்படித்தான் சத்தம் விடும்" என்றேன்.

"இந்தக் கட்டிலைத் திறந்து காட்டுங்களேன்" என்றார் முதலாளி.

"பாலிஷ் ஈரமா இருக்கு சார், சாயங்காலம் வரைக்கும் தொடக்கூடாது. வரைபடம் இருக்கு, காட்டறேன்." பொய் சொல்ல எனக்கு வராது. அன்றைக்கு வந்தது.

வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே அந்த அம்மாள் சாதாரணமாகக் கேட்டார். "இங்க நீங்க தனியாவா இருக்கீங்க?"

"ஆமாம்மா. நான் மட்டும்தான்."

அதோடு தட்டுவது நின்றுவிட்டது.

எனக்கு அப்போது அண்ணன் மீது உண்மையாகவே பாசம் பொங்கியது, ஐயா. புரிந்துகொண்டார் என்று நினைத்தேன். என் படிப்புக்கு, என் வேலைக்கு, எதற்குமே அவர் குறுக்கே நின்றவர் இல்லை.

"முடிச்சுடலாம்" என்று முதலாளி என் தோளைத் தட்டினார். "வாங்க, இப்பவே கட்டடத்தைப் பார்த்து அளவு எடுத்துடலாம். வண்டியில ஏறுங்க." அப்போது பதினொன்றே முக்கால். போனேன். ஆறு மாடி. மாடிக்குப் பத்து வீடு. எல்லாவற்றையும் அளந்தேன். கூடவே உட்கார வைத்து மதியச் சாப்பாடும் போட்டார்கள். வேண்டாம் என்று சொன்னால் நன்றாக இருக்காது. திரும்பி வரும்போது மணி ஆறு. அக்கா வாசலில் நின்றுகொண்டிருந்தார். பூட்டைத் திறந்ததும் எனக்கு முன்னால் உள்ளே போனார். கூடத்தைச் சுற்றிப் பார்த்தார்.

"அண்ணன் எங்க தம்பி?"

நான் கட்டிலை இறக்கினேன். அக்கா கத்தவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மார்புப் பட்டை மேலே ஏறியிருந்தது. இடது கை எட்டும் இடத்தில் பஞ்சு பிய்ந்து பலகை தெரிந்தது. உங்களுக்குப் போன் செய்தது அக்காதான். நான் அதற்குள் பிய்ந்த பஞ்சைப் பொறுக்கிக் குப்பைக்கூடையில் போட்டிருந்தேன். சாட்சியத்தை மறைக்கவில்லை ஐயா, கீழே கிடந்தது.

காலையிலிருந்து இரண்டு விஷயத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். தச்சரையும் முதலாளியின் ஓட்டுநரையும் விசாரித்துவிட்டீர்கள். இனி மறைத்துப் பயனில்லை.

தச்சர் சொன்னது ஆழத்தைப் பற்றி. முதல் தடவை அவசரத்தில் நடந்தது உண்மைதான். ஆனால் பதினெட்டு அங்குலம் தலையணைக்காக இல்லை. அண்ணன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மூன்றாவது வாரம், அவர் மத்தியானம் தூங்கிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் மண்டியிட்டு மார்பின் உயரத்தை அளந்தேன். ஒன்பது அங்குலம். மெத்தை, பலகை, மூக்கு இடிக்காமல் இருக்கக் கொஞ்சம் இடைவெளி. கூட்டினால் பதினெட்டு. அளந்து முடித்தபோது அவர் கண் திறந்திருந்தது. நாடாவையும் என்னையும் பார்த்தார். முப்பது வருஷம் பஸ் ஓட்டி அளவு தெரிந்த மனிதர், என்ன என்று அவருக்குப் புரிந்திருக்கும்.

ஓட்டுநர் சொன்னதும் உண்மை. வண்டி கிளம்பும் நேரத்தில் நாடாவை மறந்துவிட்டேன் என்று நான் மறுபடி மேலே போனேன். நாடா இல்லாமல் அளவு எடுக்க முடியாது. வரைமேஜையில் இருந்தது. எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். வீட்டில் யாரும் இல்லை. ஒரு கொக்கியைத் தள்ளினால் கட்டில் இறங்கிவிடும், நாலு நொடி வேலை. இறக்கினால் அவரைத் துடைக்க வேண்டும், தண்ணீர் கொடுக்க வேண்டும், கால் மணி நேரம் ஆகும். கீழே ஹாரன் அடித்தார்கள். நான் அந்தத் தேக்குப் பலகையில் விரலால் தட்டி, "அண்ணா, கொஞ்சம் வெளியே போயிட்டு வந்துடறேன், இருப்பீங்களா?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து சரி என்று வந்தது. சன்னமாக இருந்தாலும் தெளிவாகக் கேட்டது. விளக்கை அணைத்துவிட்டுக் கதவைப் பூட்டினேன்.

இதையும் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. அவரைக் கேட்காமல் நான் எதையும் செய்ததில்லை.