பதினான்கு சிவப்புக் கட்டங்கள்

எங்கள் லேபில் ஏ.சி. போட்டது மெஷினுக்காகத்தான் ஐயா. மனிதர்களுக்கு அந்தப் பாக்கியம் இல்லை என்று கேலி செய்துகொள்வோம். அந்த மெஷின் வந்த புதிதில் திருப்பதியில் அதைப் பார்க்கவே ஆட்கள் வந்தார்கள். ரத்தத் துளியிலுள்ள அணுக்களை அதுவே படமெடுக்கும். சந்தேகம் வந்தால் படத்தைச் சுற்றிச் சிவப்புக் கட்டம் போடும். அதை ஒப்புக்கொள்வதா, 'நார்மல்' என்று தள்ளுவதா என்பது என் கையில். நான் திருத்தத் திருத்த அதுவும் கற்றுக்கொள்ளும்.

என் மகள் ஸ்ரீவல்லிக்கு அமெரிக்காவில் வேலை கிடைத்து, விசாவும் வந்துவிட்டது. புறப்படப் பத்து நாள் இருக்கையில், ஈறில் ரத்தம் கசிகிறது, அசதியாக இருக்கிறது என்றாள். நானே ரத்தம் எடுத்தேன். பதினான்கு கட்டங்கள் விழுந்தன. ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்துகொள்ள எனக்கு மெஷின் வேண்டாம். இருபத்திரண்டு வருஷம் மைக்ரோஸ்கோப் பார்த்த கண்.

பதினான்கையும் நார்மல் என்று தள்ளினேன். எங்கள் தெருவில் பிள்ளையை வெளிநாடு அனுப்பாத வீடு எங்களுடையது ஒன்றுதான். சொன்னால் பயணம் நின்றுவிடும். அங்கே போய்ச் சேர்ந்துவிட்டால் பெரிய பெரிய ஆஸ்பத்திரிகள். அவர்களே கண்டுபிடித்துக் குணமாக்கிவிடுவார்கள் என்று நினைத்தேன். யோசித்துத்தான் செய்தேன்.

"ஒண்ணுமில்லையேப்பா?" என்றாள்.

"ஒண்ணுமில்லேடா கண்ணா. ரத்தம் கொஞ்சம் கம்மி, அவ்வளவுதான்."

அங்கே காய்ச்சல் வந்தபோது தோழிகள் டாக்டரிடம் கூப்பிட்டார்களாம். "எங்கப்பாவே பார்த்துட்டார்" என்று சொல்லிப் படுத்துக்கொண்டாளாம். மூன்றாவது வாரம் பெட்டியில் வந்தாள். அவள் என்னை நம்பினாளே, அதை நினைத்தால் இன்றும் சோறு இறங்குவதில்லை.

நான்கு மாதம் கழித்துப் பாகாலாவிலிருந்து கங்கையா என்பவர் தன் மகள் ரூபாவைக் கூட்டிவந்தார். ஏழு வயதுக் குழந்தை.

"பாப்பா சரியா துன்றதில்ல சார். எப்பவும் படுத்துக்கினே கீது."

மெஷின் ஒரு கட்டம்கூடப் போடவில்லை. அதற்கு அப்படிப் பாடம் சொல்லிக்கொடுத்தவன் நான். ஆனால் திரையில் இருந்தவை அதே அணுக்கள்தான். சொன்னால், மெஷின் ஏன் தவறவிட்டது என்று கம்பெனிக்காரர்கள் பழைய படங்களைத் தோண்டுவார்கள். ஸ்ரீவல்லியின் படங்கள் வெளியே வரும். நார்மல் என்று கையெழுத்துப் போட்டேன். ரூபா பங்குனியில் போய்விட்டாள்.

வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா, இரண்டும் நான் செய்தவைதான். மெஷின்மேல் பழி போடவில்லை. ஒரே ஒரு வேண்டுகோள். என் மனைவி வஸுமதிக்கு இது தெரிய வேண்டாம். பிள்ளையைப் பறிகொடுத்த தாயை நோகடிக்க எனக்கு மனம் வராது.