நோகாத ஊசி

எனக்குக் கைராசி உண்டு என்று ஆரணியில் இன்றைக்கும் சொல்கிறார்கள். ரேஷன் கடை வரிசையில் போய் நின்றால் போதும், "அபிதம்மா, நீங்க முன்னால வாங்க" என்று வழிவிடுவார்கள். முழுப்பெயர் அபிதகுசாம்பாள். முப்பத்தோரு வருடம் அரசாங்கத்தில் ஊசி போட்டவள். ஓய்வு பெற்று ஐந்து வருடம் ஆகிறது.

இந்த வெயிலில் நோட்டுப் புத்தகமும் கையுமாக வந்திருக்கிறீர்கள், முதலில் தண்ணீர் குடியுங்கள் கண்ணு. கொதிக்க வைத்து ஆறவைத்தது, பயமில்லை. எழுபத்தாறாம் வருடத்து வாந்திபேதியைப் பற்றிக் கேட்கிறீர்கள். இரண்டு மாதம் முன்னால் வந்திருந்தால் நான் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன். போன மாதம் தருமன் செத்துப்போனான். இனி இதைச் சொல்வதில் யாருக்கும் சங்கடம் இல்லை.

அந்த வருடத்துக்கு முன்னால் என்னை யாருக்கும் பிடிக்காது. என் குடையைத் தெருமுனையில் பார்த்தவுடனே பிள்ளைகளைத் தறிக்குழியில் ஒளித்து வைப்பார்கள். சோறு ஊட்டும் தாய்மார்கள், "துன்னுடி, இல்லன்னா நர்சம்மாவ கூப்புடுவேன்" என்று என் பெயரைச் சொல்லித்தான் ஊட்டுவார்கள். எனக்குப் பிள்ளை கிடையாது. இருபது வருடம் ஊரிலுள்ள எல்லாப் பிள்ளைகளும் என்னைப் பார்த்து அழுதன. அதைப் பெரிதாகச் சொல்லவில்லை, ஒரு விவரத்துக்காகச் சொன்னேன்.

அந்த ஆடியில் பாலாற்றுப் பக்கம் வாந்திபேதி கண்டிருப்பதாகச் செய்தி வந்தது. மேலிருந்து உத்தரவும் வந்தது. காலரா ஊசி போட்டுக்கொண்டதற்குச் சீட்டு இல்லாமல் சினிமாக் கொட்டகை, சந்தை, திருவிழா, பஸ் எதிலும் ஆளை விடக்கூடாது. சீட்டு என்பது உள்ளங்கை அகலத்தில் ஒரு மஞ்சள் காகிதம். பெயர், வயது, தேதி, கீழே என் கையெழுத்து. கொட்டகை வாசலிலேயே எனக்கு ஒரு மேசை போட்டார்கள். ஊசி போட்டுக்கொண்டு, சீட்டு வாங்கிக்கொண்டு, அப்புறம்தான் டிக்கெட்.

ஜனங்கள் சும்மா இருப்பார்களா? கொட்டகை எதிரில் டீக்கடையில் தினமும் ஒரே சண்டை. குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்கு ஆள் பிடிக்கிறார்கள் என்று ஆண்பிள்ளைகள் ஆஸ்பத்திரிப் பக்கம் போகவே பயந்த வருடம் அது. ஊசியிலும் ஏதோ சூது இருக்கிறது என்று பாதிப் பேர் நினைத்தார்கள்.

"ஒரு மாசம் படம் பாக்கலன்னா செத்தா பூடுவோம்? எவன் கையில எத்த ஏத்துறானோ, யாருக்குத் தெரியும்?" என்பான் ஒருவன்.

நெசவுத் தெருவுக்குப் பெரிய மனிதர் லோகநாதன். அவர் விடமாட்டார். "நீ போடாம வந்து எம்பக்கத்துல குந்துவ. உனக்கு வந்தா எனக்கு வராதா?"

"நீதான் போட்டுகினு கீறியே லோகு, அப்புறம் உனக்கு இன்னா பயம்?"

கடைக்காரன் சிரித்துக்கொண்டே, "ரெண்டு பேரும் டீய போட்டுகினு கெளம்புங்க, எனக்கு பேஜாரா கீது" என்பான்.

இரண்டு பக்கத்திலும் நியாயம் இருப்பதாகத்தான் எனக்குப் பட்டது. நான் அபிப்பிராயம் சொல்கிறவள் இல்லை. உத்தரவு என்றால் உத்தரவு.

முதல் நாள் நிஜமான மருந்துதான் போட்டேன். அறுபது பேர். காலரா ஊசி போட்டால் கை வீங்கும், இரண்டு நாள் காய்ச்சல் அடிக்கும். மற்ற ஊரில் படுத்து எழுந்துவிடுவார்கள். நெசவு ஊரில் அது நடக்காது. வலது கை கயிற்றை இழுத்து ஊடைநூல் நாடாவை ஓட்ட வேண்டும், இடது கை பலகையை அடிக்க வேண்டும். எந்தக் கையில் போட்டாலும் தறி நின்றுபோகும். வலியோடு அடித்தால் சேலையில் ஒரு சாண் அடர்த்தியாகவும் ஒரு சாண் தளர்ச்சியாகவும் விழும். மறுநாள் காலை நெசவுத் தெருவில் தறிச் சத்தமே இல்லை. எனக்கே காது அடைத்தமாதிரி இருந்தது.

லோகநாதனும் அவர் மனைவி கமலமும் என் வீட்டுக்கு வந்தார்கள். அவருக்குக் கை தோள்வரை வீங்கியிருந்தது.

"நர்சம்மா, ஆவணி முகூர்த்தத்துக்கு இன்னும் முப்பது பொடவ எறக்கணும். சீட்டு இல்லன்னா சந்தைக்கும் போவ முடியாது, பட்டு வாங்க பஸ்சும் ஏற முடியாது. சீட்டு வாங்கினா தறியில குந்த முடியாது. நாங்க எப்பிடித்தான் பொழைக்கறது, நீங்களே சொல்லுங்க" என்றார்.

கமலம் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு இன்னும் ஊசி போடவில்லை. "யக்கா, எனக்கு மட்டும் நோவாம போடுங்க" என்றாள். என்னை அக்கா என்று அந்த ஊரில் கூப்பிட்ட முதல் ஆள் அவள்தான்.

மறுநாள் கமலத்துக்கு நோகாமல் போட்டேன். கொதிக்க வைத்து ஆறவைத்த தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பு. பழைய மருந்துக் குப்பியைக் கழுவி அதில் நிரப்பினேன். விஷமா அது? உங்களுக்கு இப்போது கொடுத்த தண்ணீர்தான். கமலத்துக்குக் காய்ச்சல் வரவில்லை. அன்று சாயங்காலமே தறியில் உட்கார்ந்தாள். அதற்கு மறுநாள் அவள் தெரு முழுக்க என் மேசை முன்னால் நின்றது.

ஒருத்திக்கு ஒன்று, இன்னொருத்திக்கு ஒன்று என்று எப்படிச் செய்வது? எல்லாருக்கும் அதையே போட்டேன். கணக்குக்குக் குறைய வேண்டுமே என்று நிஜ மருந்தைச் சாயங்காலங்களில் சாக்கடையில் ஊற்றினேன். கடைசிப் பெட்டி ஒன்று மட்டும் குளிர்ச்சிக்காக ஈரமணல் பானைமேல் திறக்காமல் இருந்தது.

"இந்தம்மா கையில ஊசி எறும்பு கடிச்ச மாரிகூட இல்ல" என்று பேசிக்கொண்டார்கள். தாய்மார்கள் பிள்ளைகளைத் தாங்களே தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒரு குழந்தை ஊசி போட்டதும் என்னைப் பார்த்துச் சிரித்தது. கொட்டகையில் எனக்கென்று ஒரு நாற்காலி ஒதுக்கினார்கள். பூ கட்டுகிறவள் தினம் ஒரு முழம் மல்லிகை கொடுத்தாள். நான் கேட்டு வாங்கியது இல்லை.

தருமன் அப்போதுதான் வந்தான். சாயப் பட்டறையில் கூலி வேலை. முப்பது வயது இருக்கும். முழங்கைவரை அரக்கு நிறம் ஏறிப்போயிருக்கும். மனைவி இரண்டாவது பிரசவத்துக்குக் கலசப்பாக்கத்துத் தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். ஏழு வயசு மகள் சாவித்திரியைச் சினிமாவுக்குக் கூட்டிவந்தான். நான் ஊசியில் மருந்தை ஏற்றினேன். அவன் அந்தக் கண்ணாடிக் குழாயையே பார்த்தான்.

"நர்சம்மா, போன வருசம் போட்ட மருந்து மோர்த்தண்ணி மாரி கலங்கலா இருந்துச்சி. இது தெளிவா கீதே?"

பட்டறையில் ஒரே சிவப்பில் எட்டுச் சிவப்பு பார்க்கிறவன். அவன் கண்ணை நான் கணக்கில் எடுத்திருக்கவில்லை.

"இது புது மருந்துப்பா" என்றேன்.

"போன வருசம் எனக்கு ரெண்டு நாள் நூலத் தூக்க முடியல. இந்தத் தெருவுல மொத நாளு போட்டவங்களத் தவிர ஒருத்தனுக்கும் கையி நோவலன்றாங்க. எனக்குப் பழைய மருந்தே போடுங்க."

வரிசையில் பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். "படம் போட்ருவான்யா, ஜல்தியா நீட்டு கைய" என்றான் ஒருவன்.

"சீட்ட பாத்துகினே கீறீங்களே, எவனாவது கைய பாத்தீங்களா? மொத நாளுக்கு அப்புறம் ஒருத்தன் கையிலயாவது வீக்கம் கீதா?" என்றான் தருமன் அவர்களிடம். சிலர் அக்கம்பக்கத்துக் கைகளைத் திரும்பிப் பார்த்தார்கள். லோகநாதன்கூடத் தன் மனைவியின் கையைப் பார்த்தார்.

நான் மெதுவாகச் சிரித்தேன். "ஊசின்னா பயம்னு சொல்லேம்பா. ஆம்பளைக்கு வெக்கமா இருந்தா இப்பிடித்தான் எதையாவது பேசுவாங்க" என்றேன். வரிசை முழுவதும் சிரித்தது. "நர்சம்மா, அவன் பொண்ணுக்கு மொதல்ல போடுங்க, அத்த பாத்தாவது தைரியம் வரும்" என்று ஒருவன் குரல் கொடுத்தான். தருமன் மகளைத் தூக்கிக்கொண்டு வரிசையை விட்டுப் போய்விட்டான். அப்பனும் மகளும் கொட்டகைச் சுவருக்கு வெளியே குந்திப் பாட்டை மட்டும் கேட்டார்கள் என்று பிறகு சொன்னார்கள்.

அவன் ஊசிக்குப் பயந்தவன் என்று நான் சொன்னது அந்த ஒரு தடவைதான். மற்றதை ஊர் சொல்லிக்கொண்டது. ஊசிக்குப் பயந்தவன் என்பது ஒரு வாரத்தில் ஊசிக்கு எதிரானவன் என்று ஆனது. அவன் மட்டும் எதற்காகப் போட்டுக்கொள்ளவில்லை, என்ன நோயை வைத்துக்கொண்டிருக்கிறான் என்று பட்டறையில் அவன் தொட்ட பானையில் தண்ணீர் மொள்ள யோசித்தார்கள்.

ஆடிக் கடைசியில் வாந்திபேதி வந்தது. முதலில் கமலம். காலையில் தறியில் இருந்தவள், மறுநாள் விடிவதற்குள் போய்விட்டாள். அந்த வாரத்தில் பதினோரு பேர் படுத்தார்கள், ஆறு பேர் போனார்கள். எல்லாரிடமும் சீட்டு இருந்தது.

மேலிருந்து ஒரு டாக்டர் விசாரிக்க வந்தார். சீட்டுகளைப் புரட்டிப் பார்த்தார். "ஊசி போட்டும் சிலருக்கு வரத்தான் செய்யும் அம்மா. போடாத வீடு ஏதாவது உண்டா?" என்று கேட்டார். கேட்டார், சொன்னேன். தெருவில் ஒரே ஒரு வீடு. அதற்குமேல் நான் ஒரு வார்த்தை சேர்க்கவில்லை.

அன்றைக்கே தருமனுக்குத் தெருக் குழாயை மூடினார்கள். லோகநாதன், மனைவியைப் பறிகொடுத்த மனிதர், அவரே முன்னால் நின்று, "பாவி, நீ போட்டுகினு இருந்தா அவ இருந்திருப்பாடா" என்று அழுதாராம். தருமன், "அண்ணே, யோசிச்சிப் பாருங்கண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குடத்தோடு திரும்பிவிட்டானாம்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவன் என்னிடம் வந்தான். என் மேசையைப் பஸ் நிலையத்துக்கு மாற்றியிருந்தார்கள். ஊரே பயந்து அடங்கிக் கிடந்ததால் பக்கத்தில் யாரும் இல்லை. சாவித்திரி நல்ல பாவாடை கட்டி, தலை வாரி, நல்லபடியாக இருந்தாள்.

"நர்சம்மா, நான் அன்னிக்குப் பேசுனது தப்புங்க. எவன்கிட்டயும் ஒண்ணும் சொல்ல மாட்டேன். இவள மட்டும் கலசப்பாக்கத்துல இவ அம்மாகிட்ட உட்டுட்டு வந்துடறேன். கண்டக்டரு சீட்டு கேக்கறாரு."

"ஊசி போடாம எப்பிடிப்பா சீட்டு குடுக்கறது?"

"அப்ப போடுங்க. பழைய மருந்த போடுங்க." அவனே பெண்ணின் கையை நீட்டிவிட்டான்.

"நோவுமா நைனா?" என்றாள் அவள்.

"நோவும்மா. நோவட்டும்."

கண்ணு, நீங்கள் நிதானமாக யோசித்துப் பார்க்க வேண்டும். நிஜ மருந்து போட்டால் அந்தப் பெண்ணுக்குக் கை வீங்கும், காய்ச்சல் வரும். கலசப்பாக்கத்தில் நாலு பேர் பார்ப்பார்கள். ஆரணியில் முதல் நாளுக்கு அப்புறம் யாருக்கும் வராத வீக்கம் இவளுக்கு எப்படி வந்தது என்று கேட்பார்கள். கேள்வி திரும்பி இங்கே வரும். அப்புறம் அந்தத் தெரு, அந்தத் தாய்மார்கள், என்னைப் பார்த்துச் சிரித்த குழந்தை, எல்லாரும் என்ன நினைப்பார்கள்? ஆறு பேரைப் பறிகொடுத்தவர்கள் அவர்கள். அவர்களுக்கு அதற்குமேல் ஒரு கஷ்டம் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

"மருந்து தீந்துபோச்சி. வேலூர்லேருந்து வரணும்" என்றேன். திறக்காத அந்தக் கடைசிப் பெட்டி என் காலடியில் இருந்தது.

அவன் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தான். கோபமாகப் பார்க்கவில்லை. அப்புறம் குனிந்து, மிகத் தாழ்ந்த குரலில், "அப்ப அந்தத் தண்ணியவாவது போட்டு சீட்டு எழுதிக் குடுங்க நர்சம்மா" என்றான்.

"எந்தத் தண்ணி?" என்று கேட்டேன்.

 கலசப்பாக்கம் பஸ் புறப்படும்வரை அவன் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றான். அவனைப் பார்க்காமல் நான் பழைய சீட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

பிறகு மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தே போனானாம். சந்தவாசலில் ஊர் எல்லையில் தடியோடு நின்றவர்கள் சீட்டு கேட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். திரும்பி வரும் வழியில் வெயில் தாங்காமல் அந்தப் பெண் ஏதோ குட்டையில் தண்ணீர் குடித்திருக்கிறாள். வியாழக்கிழமை சாயங்காலம் இறந்துபோனாள். அன்று ஊசி போட்டிருந்தாலும் அதற்குள் பலன் தந்திருக்காது, அது எனக்குத் தெரியும். அவளுக்குத் தேவைப்பட்டது ஒரு மஞ்சள் காகிதம்தான். அதுவும் எனக்குத் தெரியும்.

"ஊசி போடாத புள்ள, போயிடுச்சி" என்று தெருவில் சொன்னார்கள். அடுத்த வாரமே மற்றத் தெருக்களில் மீதியிருந்தவர்களும் வந்து என்னிடம் போட்டுக்கொண்டார்கள். தருமன் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் யார் நம்புவார்கள்? சாகும்வரை, நான் எதிரில் வந்தால் அவன் தெருவின் அந்தப் பக்கம் ஒதுங்கிக்கொள்வான். என்மேல் அவ்வளவு மரியாதை.

எழுதிக்கொண்டீர்களா கண்ணு? சரியாக எழுதுங்கள். அந்த ஆடியில் ஆயிரத்துக்கு மேல் சீட்டு எழுதினேன். போடாத மருந்தைப் போட்டதாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பெண்ணின் விஷயத்தில் என்மேல் யாரும் குறை சொல்ல முடியாது. ஊசி போடாதவர்களுக்குச் சீட்டுக் கொடுக்கக்கூடாது என்பது உத்தரவு. அன்றைக்கு ஒருநாள் நான் அதை மீறவில்லை.